பூடானில் நான் பார்த்த பறவை

பறவை பார்க்கப் பூடான் போகலாம் என்றதும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "அங்கே சாம்பார் கிடைக்குமா?" கிடைக்கவில்லை. மிளகாயையே காய்கறியாக்கி, சீஸில் வேகவைத்து 'எமா தட்சி' என்று வைத்தார்கள். முதல் கவளத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது அவளுக்கு. மூன்றாவதில் இன்னொரு கிண்ணம் கேட்டாள். அது தனிக் கதை.

திம்புவில் கைடு, "நாளைக்கு நாலரைக்குக் கிளம்பணும் சார், தோச்சுலா காட்டில் விடியும்போதுதான் பறவைகள் கூட்டமாக இரை தேடும்" என்றார். பைனாகுலரும் கேமராவும் மாட்டிக்கொண்டு நாலரைக்கு டாணென்று வாசலில் நின்றேன். முழங்கால் வரை தொங்கும் 'கோ' அங்கியில், கையில் பிளாஸ்க்குடன் காரில் சாய்ந்திருந்தார் மனிதர். "மணி அஞ்சு சார்."

பூடான் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி முந்தி ஓடுகிறது. ரோமிங் காசை மிச்சம் பிடித்ததால் என் போன் இன்னும் தாம்பரத்திலேயே இருந்தது. இந்தியர்களுக்கு அங்கே நாளொன்றுக்கு அரசுக் கட்டணம் 1,200 ரூபாய். அரை மணிக்கு 25 ரூபாய் நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் புலம்பினேன். "ஒரு காபிக் காசு, விடுங்க" என்றாள் மனைவி.

தோச்சுலாவில் 108 ஸ்தூபிகளும் பனிமூட்டத்துக்குள் இருந்தன. பறவைகளும்.

அப்புறம் புனாகா. அங்கே ஆற்றோரம் வெண்வயிற்று நாரையைத் தேடினோம். உலகம் முழுக்கக் கணக்கில் வந்தவை 60-க்கும் குறைவு. சாம்பல் நிறம், ஒன்றேகால் மீட்டர் உயரம், மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் நிற்கும் என்று கைடு சொல்லியிருந்தார். மோ சூ ஆற்றின் நடுவே அப்படியே ஒன்று நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு இருபது நிமிடம் பார்த்தேன். நாற்பது படம் எடுத்தேன். கைடு டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல கல் சார்" என்றார். அந்த ஊரில் யாரும் முகத்தில் அடித்த மாதிரி பேசுவதில்லை.

கடைசி நாள் பாரோவிலிருந்து செலேலா கணவாய், 3,988 மீட்டர். வண்டி நடமாட்டம் தொடங்குமுன் மோனால், ரத்தக் காட்டுக்கோழி போன்ற மலைப் பறவைகள் எல்லாம் சாலையோரம் மேய வரும் என்பதால் இருட்டிலேயே கிளம்பினோம். இந்த முறை கடிகாரத்தைத் திருத்தி வைத்திருந்தேன். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளை மறந்துவிட்டேன். பாதி மலையில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, வண்டியை நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். நிறுத்தியதும் இறங்கி ஓரமாகக் குனிந்தாள். நான் நாகரிகமாக மறுபக்கம் இறங்கிப் பள்ளத்தாக்கைப் பார்த்தேன்.

"மேடம், அசையாதீங்க" என்று கிசுகிசுத்தார் கைடு.

"அசையிற நிலைமையிலா இருக்கேன்?"

அவளுக்குப் பத்தடி தள்ளி ஆண் மோனால். பச்சைத் தலை, அதில் கொண்டை, தாமிரக் கழுத்து, நீலமும் ஊதாவுமாக மினுங்கும் முதுகு. இதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்தது. கேமரா வார் காரின் கதவிடுக்கில் மாட்டிக்கொள்ள, நான் அதை இழுத்துப் பிடுங்கிக்கொண்டு சுற்றி வருவதற்குள் சீழ்க்கை அடித்தபடி பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டது. என்னிடம் இருப்பது ஒரு வாலின் கலங்கிய படம்.

கைடுக்குக் கைகால் கொள்ளாத சந்தோஷம். அவளுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, கூடவே கையும் குலுக்கினார். "எதற்கோ இறங்கியது எதற்கோ உதவியது" என்று நான் முணுமுணுத்ததை யாரும் கேட்கவில்லை.

கணவாய் உச்சியில் பிரார்த்தனைக் கொடிகள் படபடக்க, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன். கொடிக்கம்பத்திலிருந்து கன்னங்கரேலென்று ஒன்று இறங்கி, கீழே விழுந்த பிஸ்கட்டைக் கொத்திக்கொண்டு என்னையே முறைத்தது. அண்டங்காக்கை.

"எங்கள் தேசியப் பறவை சார்" என்றார் கைடு பவ்யமாக. "ராஜாவின் கிரீடத்திலேயே இதன் தலைதான் இருக்கும்."

பின்சீட்டில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "படம் எடுத்துக்கோங்க. இதுவாவது நின்னு போஸ் கொடுக்குது."