துப்பாக்கி பார்க்கப் போய் அத்தோ சாப்பிட்டுத் திரும்பிய கதை

துப்பாக்கித் தொழில்காரர்களின் வர்த்தகக் கண்காட்சி ஒன்றுக்குப் போய்வந்து, வழி, செலவு, நேரம், சாப்பாடு என்று வரிசைப்படி எழுதினால் அடுத்துப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்ற நல்லெண்ணத்தோடுதான் நேற்றுக் காலை ஒரு சின்ன நோட்டுடன் திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினேன். அந்த நோட்டில் இப்போது இருப்பது ஆட்டோவுக்குக் கொடுத்த 250 ரூபாய் என்ற ஒரே வரியும், அதன் கீழே கோபத்தில் இழுத்த இரண்டு கோடுகளும்தான்.

என்னை இழுத்துக்கொண்டு போனவன் என் அக்கா மகன். வயது இருபது, வீடு காசிமேட்டில், வேலை வியாசர்பாடியில் மூன்று லேத் (கடைசல் இயந்திரம்) ஓடும் ஒரு பட்டறையில். துப்பாக்கி மோகம் எதுவும் அவனுக்குக் கிடையாது. பட்டறைக்கு வரும் ஜாப் ஆர்டர் இந்த ஆண்டு மெலிந்துவிட்டதால், துப்பாக்கியும் தளவாடமும் செய்யும் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்க வழியுண்டா என்று விசாரித்து வரும்படி முதலாளி அனுப்பியிருந்தார். சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி என ஐந்து ஊர்களைக் கோத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று 2019 ஜனவரியில் தொடங்கி வைத்தார்களே, அதிலிருந்து சிறு பட்டறைகளும் இதில் சேர வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசி வருகிறார்கள். பையன் அதை நம்பிவிட்டான். முந்தின இரவு தானே கடைந்த ஓர் எஃகு புஷ்ஷை (நடுவில் ஓட்டையுள்ள சிறு உருளை) துடைத்து, எண்ணெய் தடவி, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். கட்டைவிரல் தடிமன்தான் இருக்கும். உள்விட்டத்தில் 0.02 மில்லிமீட்டருக்கு மேல் பிசகு இருக்காது என்று தண்டையார்பேட்டையில் ஏறியதிலிருந்து ஆலந்தூர் வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

ஆலந்தூரில் இறங்கியதும் சனி பிடித்தது. கண்காட்சி அரங்குக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் இராது. ஆனால் கண்காட்சி என்ற சொல் காதில் விழுந்ததுமே ஆட்டோக்காரர் 250 என்றார். நூறிலிருந்து பேரம் பேசிப் பார்த்தேன். "எல்லாம் கம்பெனி காசுதானே சார்" என்று சிரித்தார். கோட்டு போட்டவர்கள் கேட்டதைக் கொடுத்துப் பழக்கிய விலையை எங்கள் தலையில் கட்டிவிட்டார். வெயிலுக்கு அஞ்சி ஏறினேன். ஆட்டோக்காரர் கண்ணுக்குக் கம்பெனி ஆட்களாகத் தெரிந்த நாங்கள், அடுத்த பத்தாவது நிமிடம் வாசல்காரர் கண்ணுக்கு வெறும் பொதுமக்களாகிப் போனோம் என்பதுதான் அந்தப் பணத்தைவிட அதிகம் எரிகிறது.

வாசலில் சோதனைக் கருவி கீச்சிட்டது. காவலாளி கைக்குட்டையைப் பிரித்து, புஷ்ஷை வெளிச்சத்தில் தூக்கி அதன் ஓட்டை வழியாக எங்களைப் பார்த்து, "இது என்ன தம்பி, குண்டா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். குறை இருந்தது பதிவு மேசையில். முன்பதிவு செய்து கைப்பேசிக்கு வந்த உறுதிச் செய்தியைப் பையன் காட்டினான். விசிட்டிங் கார்டு கேட்டார்கள். எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்குப் பெயர்ப் பலகையே பாதி துருப்பிடித்திருக்கும், விசிட்டிங் கார்டுக்கு எங்கே போவது? ஆதார் அட்டையை நீட்டினான். முகவரியைப் படித்தவர், "காசிமேடா?" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். வடசென்னைக்காரர்களுக்கு அந்தச் சிரிப்பை விளக்க வேண்டியதில்லை. அதே நேரத்தில், திருமண மண்டபம் நடத்துவதாகத் தன் கார்டிலேயே அச்சடித்திருந்த ஒருவர், கார்டைப் பெட்டியில் போட்டுவிட்டுத் துப்பாக்கிப் படம் போட்ட தட்டியின் முன்னால் செல்ஃபி எடுத்தபடி உள்ளே போனார்.

இங்கே என் கருத்தை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்: துப்பாக்கித் தொழில்காரர்களின் வர்த்தகக் கண்காட்சியில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விடக்கூடாது என்பதே என் கட்சி. ஆனால் வேடிக்கை பார்ப்பவர் யார், தொழில்காரர் யார் என்று பிரிக்கும் வேலையை அச்சடித்த ஓர் அட்டையிடம் ஒப்படைப்பது வெறும் சோம்பேறித்தனம்.

வந்த காசுக்கு எதையாவது பார்த்துவிட்டாவது போகலாம் என்று திரும்பும் வழியில் ஹைகோர்ட் நிலையத்தில் இறங்கி, புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு நடந்தோம் (வெள்ளிக்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை). தலைமைச் செயலகம் இருக்கும் வளாகம் அது. போலீஸ்காரர் பையைச் சோதித்தார், எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் கம்பெனிக் காலத்துத் துப்பாக்கிகளும் வாள்களும் வரிசையாக இருக்கின்றன. அந்தக் கம்பெனி வேறு கம்பெனி. ஒரு பழைய துப்பாக்கியின் முன்னால் பையன் கால் மணி நேரம் நின்றான். குழாயைக் கையாலேயே துளைத்து, அரத்தால் தேய்த்தே இவ்வளவு நேராகக் கொண்டுவந்திருக்கிறார்கள் மாமா என்றான். கண்காட்சியில் அவன் பார்க்க நினைத்ததும் இதைத்தான். சுடுவதை அல்ல, கடைசலை.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஜனவரிதோறும் ஷாட் ஷோ என்று ஒன்று நடக்கிறது. அந்நாட்டுத் துப்பாக்கித் தொழில் சங்கம் 1979 முதல் நடத்திவரும் அதில் பொதுமக்களுக்கு இடமில்லை. தொழிலில் இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் எவரையும் விடுவதில்லை. காட்சிக்கு வைக்கும் துப்பாக்கிகளிலிருந்து, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைக் கழற்றிவிடுகிறார்கள். கடையில் போய்த் துப்பாக்கி வாங்கிவிடக்கூடிய நாட்டிலேயே இந்தக் கதவடைப்பு என்றால், அதற்கு முதல் காரணம் ஆபத்தாக இருக்க முடியாது. தயாரிப்பாளரும் கடைக்காரரும் விலை பேசும் இடத்தில் கூட்டம் நெரியக்கூடாது என்பதுதான். ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் நடக்கும் ஐடபிள்யூஏ கண்காட்சியும் தொழில்காரர்களுக்கு மட்டும்தான்.

நம் ஊர் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தொட முடியாது. 21 வயது நிறையாத என் அக்கா மகனுக்கு அந்த உரிமமே கிடைக்காது. உரிமம் உள்ளவரும் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. இங்கே இத்தகைய கண்காட்சிகளில் பெரிய வாடிக்கையாளர் அரசாங்கம், அதாவது நம் வரிப்பணம். ஆகவே கடைசியில் ஒரு நாளைப் பொதுமக்களுக்கென்று ஒதுக்குவது நியாயம்தான். 2018இல் திருவிடந்தையில் டெஃப்எக்ஸ்போ என்ற அரசின் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தபோது கடைசி நாளான ஏப்ரல் 14ஐ அப்படித்தான் திறந்துவிட்டார்கள். அன்று சித்திரை ஒன்று. வீட்டில் மாங்காய்ப் பச்சடியைத் தாண்டி நான் நகரவில்லை, இன்றுவரை அந்த வருத்தம் உண்டு.

ஆனால் பீரங்கி வண்டியும் கைத்துப்பாக்கியும் ஒன்றல்ல. வண்டியின் மேல் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுத்தால் குழந்தை வண்டியைப் பார்த்து வாய் பிளக்கும், அவ்வளவுதான். வேறோர் ஊரில் இப்படித் திறந்துவிட்ட மைதானத்தில் ஒரு தகப்பனார் தம் ஏழெட்டு வயது மகன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, "தங்கச்சியைக் குறி பாருடா, போட்டோ எடுக்கிறேன்" என்றதை நான் பார்த்தேன். தோட்டா இல்லை, எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் குழந்தை மட்டும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டது. பொதுமக்கள் நாளில் துப்பாக்கிகள் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். கோட்டையில் இருப்பதைப் போல.

ஹைகோர்ட்டின் மதிலோரம் எம்டன் நினைவுக் கல்லையும் அவனுக்குக் காட்டினேன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின் மேல் குண்டு வீசியதும், கெட்டிக்காரனை எம்டன் என்று நாம் திட்டுவது போலப் பாராட்டத் தொடங்கியதும் அவனுக்குப் புதுச் செய்தி. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பீரங்கியை அன்று வாசலுக்கே கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள், கார்டு கேட்கவில்லை.

இனி அத்தோ. இதற்காகவே தனிக் கட்டுரை எழுதலாம். பர்மா பஜாருக்குப் பின்னால் மாலையில் போடும் தள்ளுவண்டிகளில், பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அந்த நூடுல்ஸை, கோஸ், வெங்காயம், புளித் தண்ணீர், கடலை மாவுப் பொடி, பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ (மொறுமொறு வடைத் தட்டை) எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுக்கிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். தீரத் தீர வண்டிக்காரர் ஊற்றினார், கணக்குப் பார்க்கவில்லை. நடுவே வகிர்ந்து பொரித்த வெங்காயம் திணித்த முட்டையையும் சேர்த்து, இருவருக்கும் ஆட்டோவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகவே ஆனது. நாள் முழுவதும் முகம் தூக்கிவைத்திருந்த பையன் இரண்டாவது தட்டில்தான் சிரித்தான்.

பக்கத்தில்தான் ஆண்டர்சன் தெரு. கடை அடைக்கும் நேரத்தில் ஓர் அச்சகத்துக்குள் நுழைந்து விசிட்டிங் கார்டு விலை கேட்டேன். நூறு அட்டை 200 ரூபாய். ஆட்டோவுக்கு அழுததைவிட ஐம்பது குறைவு. பையன் முதலாளியைக் கைப்பேசியில் பிடித்து அனுமதி வாங்கினான். கடைக்காரர் பட்டறையின் பெயர், முகவரி, எண் எல்லாம் தட்டச்சு செய்துவிட்டு, என்ன பதவி போட வேண்டும் என்று கேட்டார். டர்னர் (லேத்தில் கடைபவர்) என்று சொல்ல வாயெடுத்தவனைத் தடுத்து, பிசினஸ் டெவலப்மென்ட் மேனேஜர் என்று போடுங்கள் என்றேன். அவ்வளவு நீளம் ஒரே வரியில் வராது, மடக்கிப் போட்டால் பரவாயில்லையா என்று அவர் கேட்டார்.