பாலஸ்தீனம்: பட்டா யார் பேரில்?

இஸ்ரேல், பாலஸ்தீனம் என்று பேச்செடுத்தாலே இரண்டு வசனங்கள் தவறாமல் வந்துவிடும். "அவர்களே நிலத்தை விற்றுக் காசு பார்த்துவிட்டு இப்போது அழுகிறார்கள்" என்பது ஒன்று. "ஒவ்வொரு அங்குலமும் திருட்டு" என்பது இன்னொன்று. இது ஈராயிரம் வருஷப் பகை, யாராலும் தீர்க்க முடியாது என்று கையை உதறிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எனக்கு அதிக எரிச்சல் இவர்கள் மீதுதான். யூதக் குடியேற்றம் திட்டமிட்ட இயக்கமாகத் தொடங்கியதே 1882 வாக்கில். அதற்கு முன்பு அங்கே யூதர்கள் இருந்தார்கள், அரபுகள் இருந்தார்கள், சண்டை சச்சரவும் இருந்தது, ஆனால் இந்தச் சண்டை இல்லை. இதன் பாதிக் கதை வேதப் புத்தகங்களில் இல்லை, நிலப் பத்திரங்களில் இருக்கிறது.

1858-இல், அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட உதுமானியப் பேரரசு ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. யார் எந்த நிலத்தை உழுகிறார்கள் என்று பதிவு செய்து ஒழுங்காக வரி வாங்க வேண்டும் என்பது நோக்கம். பாலஸ்தீனக் கிராமங்களில் அதுவரை நிலம் பெரும்பாலும் ஊர்ப்பொது. சில வருஷங்களுக்கு ஒருமுறை குடும்பங்களுக்குள் பங்கு மாற்றிக்கொண்டு உழுவார்கள். அரசாங்க ஏட்டில் பெயர் ஏறினால் வரியும் கூடவே வரும், பையனைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டும் போவார்கள் என்று பயந்து பலர் பதியவே இல்லை, இன்னும் பலர் ஊர்ப் பெரிய மனிதர் பெயரிலோ நகரத்து வியாபாரி பெயரிலோ பதிய விட்டுவிட்டார்கள். உழுகிறவன் ஒருத்தன், பட்டாவில் இருப்பவன் வேறொருத்தன். பல ஊர்களில் ஐம்பது அறுபது வருஷம் இது யாருக்கும் பெரிய தொல்லையாக இல்லை, ஏனென்றால் முதலாளி மாறினாலும் குடியானவன் அதே நிலத்தில் விளைச்சலில் பங்காக வாரம் கொடுத்துக்கொண்டு இருந்தான்.

பெய்ரூட்டின் சுர்சூக் குடும்பம் அப்படிப்பட்ட ஒரு முதலாளி. 1872-இல் நாசரேத்துக்குத் தெற்கே மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியில், யூதர்கள் யெஸ்ரயேல் பள்ளத்தாக்கு என்று சொல்லும் அதே இடத்தில், உதுமானிய அரசிடமிருந்து பெரும் பரப்பு வாங்கினார்கள். 1910-இல் அதில் அல்-ஃபூலா என்ற கிராமத்தை, யூதக் குடியேற்றத்துக்காக நிலம் வாங்கிய அமைப்பான யூத தேசிய நிதியத்துக்கு விற்க ஏற்பாடு நடந்தபோது, நாசரேத் வட்டாரத்து உதுமானிய அதிகாரி ஷுக்ரி அல்-அசலி குடியானவர்களை வெளியேற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தார். மேலிடம் அவரை மீறி விற்பனையை நடத்திக்கொண்டது. அப்புறம் அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார், பேசினார், எழுதினார், 1916-இல் உதுமானிய ஆளுநரே அவரைத் தூக்கில் போட்டுவிட்டார். அது அரபு தேசியத்துக்காக, வேறு கணக்கு.

முதல் உலகப்போருக்குப் பின் எல்லைக்கோடு வேறு குறுக்கே விழுந்தது. பெய்ரூட் பிரெஞ்சுக்காரர்கள் கையில், பாலஸ்தீனம் பிரிட்டன் கையில். பக்கத்து நாட்டிலிருக்கும் நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சுர்சூக்குகள் 1920-களில் மிச்சத்தையும் விற்றார்கள். முதலாளி மட்டும் மாறிய பழைய விற்பனைகளுக்கும் யூத தேசிய நிதியத்துக்கு விற்பதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. யூத தேசிய நிதியம் வாங்கிய நிலம் திரும்ப விற்பனைக்கு வராது, யூதர்களுக்குக் குத்தகைக்கு மட்டுமே போகும், வேலைக்கும் யூதர்களைத்தான் வைக்க வேண்டும். எனவே பழைய குடியானவனுக்கு அங்கே வாரக்காரனாகவும் இடமில்லை, கூலியாகவும் இடமில்லை. கையில் கொஞ்சம் இழப்பீட்டுப் பணத்துடன் அவன் ஹைஃபாவின் தகரக் குடிசைகளுக்குப் போனான். அந்தக் குடிசைகளில்தான் இஸ்ஸுத்தீன் அல்-கஸ்ஸாம் என்ற மதபோதகர் ஆள் சேர்த்தார். 1935-இல் பிரிட்டிஷ் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது, மறுவருஷம் நாடு முழுக்கக் கிளர்ச்சி. இன்று ஹமாஸின் ராக்கெட்டுக்கும் அதன் ஆயுதப் பிரிவுக்கும் இருப்பது அவர் பெயர்தான்.

சரி, மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வந்த யூதர்கள் எல்லாரும் சாவகாசமாக நிலம் வாங்கிப்போட வந்தவர்கள் இல்லை. 1881-இல் ரஷ்யப் பேரரசில் யூதர்களைத் தேடித்தேடி அடித்தார்கள், 1903-இல் கிஷினேவில் கொன்றார்கள். 1924-இல் அமெரிக்கா கதவைச் சாத்தியது, 1933-இல் ஹிட்லர் வந்தார். 1938-இல், யூத அகதிகளை யார் ஏற்பது என்று பேசக் கூடிய எவியான் மாநாட்டில் முப்பதுக்கு மேற்பட்ட நாடுகள் உட்கார்ந்து அனுதாபம் தெரிவித்துவிட்டு எழுந்து போயின. ஓடிவந்தவனுக்கு வேறு கதவு இல்லை, உழுதுகொண்டிருந்தவனுக்கு வேறு வயல் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் கொடுத்த வாக்குறுதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பிரிட்டன் நடுவில் நின்றது. 1929-இல் ஹெப்ரோன் நகரில் 67 யூதர்கள் அரபுக் கும்பலால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர்கள், யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிய இயக்கத்தோடு பெரிய தொடர்பில்லாதவர்கள். அக்கம்பக்கத்து அரபுக் குடும்பங்கள் ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களும் ஏராளம். இதைச் சொல்லாமல் நிலக்கதையை மட்டும் சொன்னால் அதுவும் ஏமாற்றுதான்.

விற்பனைக் கணக்குக்கு வருகிறேன். மேடையில் நில விற்பனையைக் கண்டித்த அரபுத் தலைவர்கள் சிலரின் குடும்பங்களே மறைவில் விற்றன, இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இப்படி எல்லாம் சேர்ந்தும் 1947 வரை யூதர்கள் விலை கொடுத்து வாங்கியது பாலஸ்தீனத்தின் மொத்தப் பரப்பில் சுமார் 7 சதவீதம். மக்கள்தொகையில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கு. அந்த வருஷம் நவம்பர் 29-இல் ஐ.நா. பொதுச்சபை நாட்டை யூத அரசு, அரபு அரசு என்று பிரிக்க வாக்களித்து, யூத அரசுக்குப் பாதிக்கும் மேல், சுமார் 55 சதவீதம், ஒதுக்கியது (அதில் பெரும்பகுதி நெகேவ் பாலைவனம் என்பதும் உண்மை). இந்தியா எதிர்த்து வாக்களித்தது. யூதத் தலைமை ஏற்றது, அரபுத் தரப்பு மறுத்தது, போர் வந்தது, 1949 போர்நிறுத்தக் கோடு போட்டபோது இஸ்ரேல் கையில் 78 சதவீதம். வாங்கியது ஏழு, கிடைத்தது எழுபத்தெட்டு. "அவர்களே விற்றார்கள்" என்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் துரத்தப்பட்டோ பயந்து ஓடியோ அகதிகளானார்கள். நானூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் காலியாயின. ஆனால் போரில் பிடித்த நிலம் சட்டப்படி சொந்தமாகிவிடாது, அதற்கும் காகிதம் வேண்டும். 1950-இல் வந்த, வராதோர் சொத்துச் சட்டம் அந்தக் காகிதம். ஐ.நா. வாக்கெடுப்பு நாளுக்குப் பிறகு எதிரி நாட்டுக்கோ, எதிரிப் படைகள் வசமிருந்த பகுதிக்கோ போனவர் 'வராதவர்', அவர் சொத்து அரசுப் பாதுகாவலரிடம் போகும். உயிர் பிழைக்க சில நாள் பக்கத்து ஊருக்குப் போய்விட்டு இஸ்ரேலுக்குள்ளேயே தங்கி, குடியுரிமையும் பெற்றவர்கள்கூட இந்த வலையில் விழுந்தார்கள். 'இங்கேயே இருக்கும் வராதவர்' என்று அவர்களுக்குப் பெயர். ஆள் எதிரில் நிற்கிறார், வரி கட்டுகிறார், ஓட்டுப் போடுகிறார், நிலத்துக்கு மட்டும் அவர் ஊரில் இல்லை!

இக்ரித் என்ற கிறிஸ்தவக் கிராமத்தின் கதை எனக்கு மறக்காது. வடக்கு எல்லையோரம். 1948 நவம்பரில் ராணுவம் வந்து, இரண்டு வாரம் வேறு ஊரில் இருங்கள், அப்புறம் திரும்பலாம் என்றது. சண்டை போடாமல் போனார்கள். திரும்ப விடவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள், 1951 ஜூலையில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பும் வந்தது. அதே வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ராணுவம் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தது. தேவாலயத்தை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அதே 1951 மார்ச்சில் ஈராக், குடியுரிமையைக் கைவிட்டு இஸ்ரேலுக்குக் கிளம்பிய யூதர்களின் சொத்தை முடக்கிச் சட்டம் போட்டது. பாக்தாத்தில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர்கள் ஒரு பெட்டியோடு விமானம் ஏறினார்கள். ஈராக்கிலிருந்து மட்டும் சுமார் 1,20,000 பேர். இந்த இழப்புக்கும் இதுவரை யாரும் கணக்குத் தீர்க்கவில்லை. ஆனால் பாக்தாத் அரசு செய்த அநியாயத்தை இக்ரித் விவசாயியின் கணக்கில் கழிப்பது எந்த நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை.

1967-இல் மேற்குக்கரை, கிழக்கு ஜெருசலேம், காசா எல்லாம் இஸ்ரேல் வசம் வந்தன. பிரிட்டன் தொடங்கிவைத்த நிலப்பதிவை, அதுவரை மேற்குக்கரையை ஆண்ட ஜோர்டான் அங்கே தொடர்ந்து மூன்றில் ஒரு பங்குதான் முடித்திருந்தது, மிச்சத்தை 1968-இல் ராணுவ ஆணை நிறுத்தி வைத்தது. ஆரம்பத்தில் ராணுவத் தேவை என்று சொல்லித் தனியார் நிலத்தில் குடியிருப்பு கட்டினார்கள். 1979-இல் எலோன் மோரே என்ற குடியிருப்பு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. நல்ல தீர்ப்பு. அரசு என்ன செய்தது? 1858 சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. மூன்று வருஷம் தொடர்ந்து உழாமல் போட்ட நிலம் அரசுக்குத் திரும்பலாம். ஊர் எல்லையில் நின்று உரக்கக் கத்தினால் குரல் எட்டாத தரிசு ஊருக்குச் சொந்தமில்லை. இப்படியெல்லாம் அதில் விதிகள் உண்டு. நீதி அமைச்சக வழக்கறிஞர் ப்லியா அல்பெக் ஹெலிகாப்டரில் பறந்து குன்று குன்றாக நிலம் பார்த்தார், அரசு நிலம் என்ற அறிவிப்புகள் வரிசையாக வந்தன. பாறைச் சரிவில் நாலு மரம் வைத்து ஆடு மேய்த்தவனிடம் பத்து வருஷம் உழுததற்கு ஆதாரம் கேட்டார்கள். கிழக்கு ஜெருசலேமை ஒதுக்கிவிட்டாலும் இன்று மேற்குக்கரையில் ஐந்து லட்சத்துக்கு மேல் யூதக் குடியேறிகள் இருக்கிறார்கள். ஆலிவ் அறுவடைக் காலத்தில் ஏன் இத்தனை அடிதடி என்றால், காயை விடவும் அந்த நிலத்தில் கால் வைத்தான் என்ற உரிமைதான் பிரச்சினை.

கிழக்கு ஜெருசலேமில் இன்னொரு சட்டம், 1970-இல் வந்தது. 1948-க்கு முன் அங்கே சொத்து வைத்திருந்த யூதர்கள் அதைத் திரும்பக் கேட்கலாம். மேற்கு ஜெருசலேமில் வீட்டை விட்டு ஓடிய பாலஸ்தீனர் கேட்க முடியாது. 2021-இல் அங்கே ஷேக் ஜர்ரா என்ற பகுதியில் கிளம்பிய கலவரத்துக்கு மூலம் இதுதான். பழைய சொத்துரிமை புனிதம் என்றால் இரு பக்கமும் புனிதமாக இருக்கட்டுமே.

2023 அக்டோபர் 7-ஐ நிலக்கணக்கை வைத்து நியாயப்படுத்த முடியாது. சுமார் 1,200 பேரைக் கொன்று, 251 பேரைப் பிடித்துக்கொண்டு போனது கொலைவெறி. அதன் பின் காசாவில் 60,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் சொல்கிறது, அதைத் தற்காப்பு என்ற பெயரில் நியாயப்படுத்தவும் எனக்கு வாய் வராது. காசா மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 1948 அகதிகளும் அவர்களின் வாரிசுகளும்தான்.

2025 மே மாதம் இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சரவை, மேற்குக்கரையில் சுமார் 60 சதவீதமான, இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கும் 'சி' பகுதியில், நிறுத்தி வைத்திருந்த நிலப்பதிவை மறுபடி தொடங்க முடிவெடுத்தது. ஒருமுறை பதிந்துவிட்டால் மாற்றுவது மிகக் கடினம், ஆதாரம் காட்ட வேண்டியது உரிமை கோருகிறவர் பொறுப்பு, காட்டாவிட்டால் நிலம் அரசுக்கு. வாரிசுகளில் பாதிப் பேர் அம்மானிலும் குவைத்திலும் இருக்கிறார்கள் என்றால் எத்தனை குடும்பம் தாள்களோடு வந்து நிற்க முடியும்? போர்நிறுத்தச் செய்திகளுக்கு நடுவே இந்த அறிவிப்பைப் பெரிதாகப் பேசியவர்கள் குறைவு.