இரு தடவை மொழி மாறிய மாஸ்டர்

எங்கள் இரசாயன மாஸ்டர் சென்ற தை மாதம், தொண்ணூறைக் கடந்த வயதில், ஊரிலேயே காலமானார். ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டபோது, பெயரைப் போடாமல்தான் எழுதுவேன் என்று சொன்னேன். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் உயர்தர விஞ்ஞான வகுப்பில் இருந்தவர்களுக்கு அவருடைய பெயர் தேவையில்லை. பெயரை எழுதினால் பட்டப்பெயரையும் எழுத வேண்டி வரும்.

அவர் சென்னையில் ஆங்கிலத்தில் பட்டம் பெற்று, நம் கல்லூரிக்கு வந்து, ஆண்டுக்கணக்காக ஆங்கிலத்திலேயே படிப்பித்தவர். இலங்கையில் நாற்பதுகளில் ஆரம்ப வகுப்புகளில் தொடங்கிய, தாய்மொழியிலேயே படிப்பிக்கும் சுயமொழிக் கல்வி, ஐம்பதுகளில் இடைநிலை வகுப்புகளுக்கு ஏறி, கலைப் பாடங்களை முதலில் பிடித்துக்கொண்டு, அறுபதுகளில் உயர்தர விஞ்ஞானத்தை வந்தடைந்தபோது, நாற்பது வயதை நெருங்கிய அந்த மனிதர் தாம் அறிந்த பாடத்தை மறுபடி படிக்க வேண்டியவரானார். அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதி அவருடைய மேசையில் எப்போதும் திறந்தபடியே கிடந்தது. உயர்தரத்துக்குத் தமிழில் நூல்கள் அரிதாக இருந்தமையால் அவரே இரவிரவாகக் குறிப்பு எழுதி, ரோனியோவில் உருட்டி, காலையில் மை காயாமல் கொண்டு வருவார். நமக்கு முன்னைய வகுப்பினர் அவர் சொல்லுக்காகத் தடுமாறிய நாள்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். எங்கள் காலத்தில் தடுமாற்றம் போய்விட்டிருந்தது. அவருடைய குறிப்புகளைத் தொகுத்த மஞ்சள் கொப்பி வந்துவிட்டிருந்தது.

முதல் நாள் அவர் இரசாயனத்தில் தொடங்கவில்லை, மானிப்பாயில் தொடங்கினார். 1847இல் அமெரிக்க மிசனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலேயே மேனாட்டு மருத்துவத்தைப் படிப்பித்தார். படித்து முடித்தவர்கள் கிராமங்களில் நில்லாமல் உத்தியோகம் தேடி வெளியே போவதைக் கண்டு, 1860களில் தமிழுக்கு மாறினார். 1867இல் இரணவைத்தியம், 1872இல் உடற்கூற்றைச் சொல்லும் மனுஷ அங்காதிபாதம், 1875இல் இரசாயன நூலான கெமிஸ்தம் என்று தமிழில் நூல்கள் வந்தன. தமிழில் படித்தவன் ஊரில் நிற்பான் என்பது கிறீனின் கணக்கு. "அந்தக் கணக்குச் சரியோ பிழையோ என்பதை இனி நீங்கள்தான் காட்ட வேண்டும்" என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் வெண்கட்டியை எடுத்தார்.

அவருடைய இரசாயனத்துக்கு ஒரு நிலப்படம் இருந்தது. ஆனையிறவு உவர்நீர் உப்பாகும். அந்த உப்புப் பரந்தன் தொழிற்சாலைக்குப் போய், மின்பகுப்பினால் எரிசோடாவும் குளோரினுமாகப் பிரியும். வடக்கே சுண்ணக்கல் காங்கேசன்துறையில் சீமெந்தாகும். அதே சுண்ணக்கல்லினூடே ஊறிய கிணற்று நீர், நம் வீட்டுக் கேத்தல்களின் அடியில் வெள்ளையாகப் படியும். பாடத்திட்டத்தில் இருந்த சமநிலையும் கரைதிறனும் கணியங்களும் இந்த வழியாகவே எங்களிடம் வந்தன. நிகழ்வது என்ன என்பதை முதலில் வீட்டில் பேசும் தமிழில் சொல்ல வேண்டும், கலைச்சொல் அதற்குப் பிறகுதான் வரலாம் என்பது அவருடைய விதி. "தம்பி, விளங்கினதைச் சொல்லும், பாடமாக்கினதைச் சொல்ல வேண்டாம்" என்ற அந்தக் குரலுக்குப் பயந்து, புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில் எத்தனை பேருக்குத் தலைவலி வந்தது என்பதை இதைப் படிப்பவர்கள் அறிவார்கள். ஆயினும், அளவியிலிருந்து கடைசித் துளி விழுந்து கூம்புக் குடுவை நிறம் மாறும்போது, ஏன் மாறியது என்று எங்களில் மிகச் சாதாரணமான மாணவனாலும் சொல்ல முடிந்தது. பிற்காலத்தில் இலண்டனின் வன்னீரைச் சோதிக்கும் ஆய்வுகூடமொன்றில் நான் பிழைத்தது துளித்துளியாக விட்டு அளக்கும் அந்த நியமிப்பைக் கொண்டுதான்.

பிறகு 1970/71 கல்வியாண்டுக்கான பல்கலைக்கழக அனுமதி வந்தது. பேராதனையில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு 229 புள்ளியும் தமிழ்மொழிமூலம் எழுதியவருக்கு 250 புள்ளியும், பொறியியலுக்கு முறையே 227உம் 250உம் எல்லையாக வைக்கப்பட்டன. நாம் எந்த மொழியில் விளங்கிக்கொண்டோமோ, அந்த மொழியே எங்களைத் தனியே நிறுத்தி அளக்கும் கோலாயிற்று. இதைப் பற்றி நாற்பது ஆண்டுகளாகச் சங்க மலர்களில் எழுதித் தள்ளியிருக்கிறோம், ஆகையால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். மாஸ்டர் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அனுமதி கிடைத்தவர், கிடைக்காதவர் எல்லோரையும் சனிக்கிழமை காலைகளில் ஆய்வுகூடத்துக்கு வரச் சொல்லி, மஞ்சள் கொப்பியை முதற் பக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் நடத்தினார். காசு வாங்கவில்லை.

அவர் சொற்களைத் தந்துவிட்டார். வேகமாகப் பேசும் ஆங்கிலத்தைக் கேட்கும் காதை ஆய்வுகூடத்துச் சனிக்கிழமைகளில் யாரும் தந்துவிட முடியாது. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் அப்போதும் ஆங்கிலத்திலேயே இருந்தது. முதல் தவணையில் ஒரு விரிவுரையாளர் என்னை எழுப்பி ஏதோ கேட்டார். கேள்வி பாதிதான் விளங்கியது. அந்தப் பாதிக்கு விடை தெரிந்திருந்ததால், கரும்பலகைக்குப் போய்ச் சமன்பாட்டை எழுதினேன். குறியீடுகள் தமிழ் வகுப்பிலும் ஆங்கில எழுத்தில்தானே இருந்தன. சமன்பாடு சரி. "இப்போது அதைச் சொல்" என்றார். நான் நின்றேன். அவர் வகுப்பைப் பார்த்து, இவர் எந்த மொழியில் படித்தவர் என்று எனக்கும் விளங்கும்படி மெதுவாகக் கேட்டார். கொழும்பு ஆங்கிலப் பாடசாலைகளிலிருந்து வந்திருந்த முன்வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது என்று எழுதினால் மிகையாகும். ஆனால் வெகுகாலம் கேட்டது.

சிரிக்காமல் இருந்தவன் என் பக்கத்தில் இருந்த மாத்தறைப் பையன். அவன் சிங்களத்தில் படித்தவன். அடுத்த வாரம் அவனுடைய முறை வந்தது. நாங்கள் இருவரும் ஒரே பரிசோதனை மேசையில் மூன்று ஆண்டுகள் இருந்தோம். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது; எங்களை அவமானப்படுத்திய அதே ஓட்டை ஆங்கிலத்தில்தான் நாங்கள் நண்பர்களானோம். அறுபதுகளின் மொழிக் கொள்கையை வகுத்தவர்கள் எதிர்பார்த்த விளைவு இதுவாக இருந்திருக்காது.

நம் இராப்போசன விருந்துகளில் இரண்டு பேச்சுகள் தவறாமல் நடக்கின்றன. தமிழில் படித்ததால் கெட்டோம் என்பது ஒன்று. தமிழில் விஞ்ஞானம் படித்த பெருமை எவருக்கு உண்டு என்பது மற்றது. இரண்டையும் ஒரே ஆள் பேசியும் கேட்டிருக்கிறேன். என் எண்ணத்தில், நம்மைக் கெடுத்தது தமிழன்று. பாதையைப் பல்கலைக்கழக வாசல் வரை போட்டுவிட்டு அங்கே நிறுத்தியவர்கள்தான் கெடுத்தார்கள். மறுபுறத்தில், பெருமை பேசும் நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்காவது ஒட்சியேற்றத்தைத் தமிழில் விளக்கியிருக்கிறோமா? கிறீனின் கணக்கையும் பிழையாக்கியவர்கள் நாம். தமிழில் படித்தோம், ஆனாலும் புறப்பட்டுவிட்டோம். யுத்தம் துரத்தியது உண்மை. நான் புறப்பட்டதோ எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்கு முன்னரே, நல்ல சம்பளத்துக்காக. மாஸ்டர் நம்மைத் தயார்ப்படுத்திய பரந்தனும் காங்கேசன்துறையும் யுத்தத்தில் நின்றுபோயின.

2003இல், போர்நிறுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தபோது, அவரைப் பார்க்கப் போனேன். முந்திய ஓரிரு ஆண்டுகளில் உயர்தர விஞ்ஞானத்தை ஆங்கிலத்திலும் கற்பிக்க அரசு மறுபடி இடங்கொடுத்திருந்தது. அவர் மனம் நொந்திருப்பார் என்று எண்ணி, அதற்கேற்ற முகத்தோடு போன எனக்கு விறாந்தையில் வேறு காட்சி காத்திருந்தது. நாலைந்து இளம் ஆசிரியர்கள் பாயில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். தமிழிலேயே படித்து வந்த அவர்களுக்கு, ஆங்கிலத்தில் வகுப்பு நடத்தச் சொல்லித்தர அந்த வட்டாரத்தில் எஞ்சியிருந்தவர் இவர்தான். முன்பு ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் சுமந்ததை எழுபத்தைந்து வயதில் திருப்பிச் சுமந்துகொண்டிருந்தார். வருத்தமில்லையா என்று கேட்டேன். "பிள்ளைக்கு விளங்கினால் எனக்குப் போதும், இவையள் முதலில் தமிழில் சொல்லிப்போட்டுத்தான் ஆங்கிலத்துக்குப் போகினம்" என்றார். பிறகு, "நீர் ஒரு தவணை நின்று இவையளுக்கு உதவினால் என்ன?" என்று கேட்டார். விடுமுறை முடிகிறது என்று சொன்னேன். அவர் மறுமுறை கேட்கவில்லை.

இவ்வாண்டு சங்கம் கல்லூரியின் ஆங்கிலமொழி விஞ்ஞானப் பிரிவுக்கு நிதி சேர்க்கிறது. என் பங்கை அனுப்பிவிட்டேன். அதில் ஒரு பகுதியைத் தமிழ்மொழிமூல மாணவர்களுக்கு ஆங்கிலம் கேட்கவும் பேசவும் பயிற்சி கொடுப்பதற்கும், இன்னொரு பகுதியை மஞ்சள் கொப்பியை அச்சிடுவதற்கும் ஒதுக்குமாறு குழுவிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். ஓய்வுபெற்றவர்களுள் ஒரு தவணை ஊரில் நின்று படிப்பிக்கக்கூடியவர்களின் பட்டியல் ஒன்றையும் திறக்கச் சொல்லியிருக்கிறேன். முதற் பெயர் என்னுடையது; என் வைத்தியர் இன்னும் சம்மதிக்கவில்லை.