கித்தா கமகுராவில் ஒரு காலை

டோக்கியோ ஸ்டேஷனில் யோகோசுகா லைன் வண்டியைப் பிடித்தால் கித்தா கமகுரா போய்ச்சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது. சின்ன ஸ்டேஷன். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓஸு எடுத்து 1949-இல் வந்த 'லேட் ஸ்பிரிங்' படம் இங்கேதான் தொடங்கும். இறங்கியவள் நகர மனமில்லாமல் பிளாட்பாரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

ஸ்டேஷனை ஒட்டியே எங்காகுஜி, 1282-இல் நிறுவப்பட்ட ஜென் மடம். ஓஸுவின் கல்லறை அதற்குள் இருக்கிறது. வழிகாட்டும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. கல் வரிசைகளுக்கு நடுவே அலைந்து, கடைசியில் பாட்டில்களை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ரசிகர்கள் வைத்துவிட்டுப் போன சாக்கே என்ற அரிசி மதுவும் பீரும். ஓஸுவும் அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய கோகோ நோடாவும் எழுத உட்கார்ந்தால், காலியான பாட்டில்களை எண்ணிவைப்பார்களாம்.

கல்லின் முகப்பில் பெயர் இல்லை. 'மு' என்ற ஒரே எழுத்து. இன்மை என்று சொல்லலாம்.

1903 டிசம்பர் 12 அன்று டோக்கியோவின் ஃபுகாகவாவில் பிறந்தவர். 1963-இல் அதே டிசம்பர் 12, சரியாக அறுபது வயதில் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. 1923-இல் ஷோச்சிகு ஸ்டுடியோவில் கேமரா உதவியாளராகச் சேர்ந்து, 1927-இல் முதல் படம் எடுத்தார். போர்க்காலத்தில், 1943-இல், இந்திய விடுதலைப் போராட்டம் பற்றிப் படமெடுக்க அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். அந்தப் படம் முடியவே இல்லை. நேதாஜியின் படையில் மலாயாத் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்திருந்த நேரம் அது. அவர்களில் யாரையாவது ஓஸு நேரில் பார்த்துப் பேசியிருப்பாரா என்று அங்கே நின்று யோசித்தேன்.

கல்யாணமே செய்துகொள்ளாதவர் அவர். கடைசிக் காலத்தில் இதே ஊரில் அம்மாவோடு இருந்தார். ஆனால் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்பும் அப்பாவை அவரைப் போல வேறு யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. 'லேட் ஸ்பிரிங்' கடைசியில் அப்பாவாக நடித்த சிஷு ரியூ தனியாக உட்கார்ந்து பழத்தின் தோலைச் சீவுவார். கை நிற்கும், தலை குனியும். அவ்வளவுதான். நான் புகுந்த வீடு போனபின் என் அறைக் கதவை அப்பா பல நாள் சாத்தவே விடவில்லை என்று அம்மா ஒருமுறை சொன்னாள். அதற்கப்புறம்தான் அந்தக் காட்சி எனக்கு முழுசாகப் புரிந்தது.

கல்லறை முன் தரையில் உட்கார்ந்தேன். அவருடைய கேமராவும் இந்த உயரத்தில்தான் இருக்கும். கொண்டுபோன சின்ன சாக்கே பாட்டிலை மற்றவற்றோடு சேர்த்து வைத்தேன். கீழே ஸ்டேஷனுக்குள் ஏதோ வண்டி நுழையும் சத்தம். எழுந்திருக்கத் தோன்றவில்லை, அடுத்த வண்டிக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.