விரல்நகத்தளவு தந்தத்துக்கு நான்கு முத்திரைகள்

ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் போகும் விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தோளில் வயலின் பெட்டி, கையில் பிளாஸ்டிக் உறைக்குள், வயலின் வில்லோடு எல்லை கடப்பதற்கான சான்றிதழ். எதிரே சுங்க அலுவலகத்தின் கதவு பூட்டிக் கிடந்தது. முந்தின வாரம் தொலைபேசியில் கேட்டபோது காலை ஆறு மணிக்கே ஆள் இருப்பார் என்று சொல்லியிருந்தார்கள். ஆறரை ஆகியும் யாரும் வரவில்லை. கதவில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அழைத்தபடியே நின்றேன். முத்திரை வாங்காமல் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிவிட்டால், அத்தனை மாதம் காத்திருந்து வாங்கிய தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நியூயார்க்கில் இறங்கியதும் என் வில்லைப் பிடித்து வைத்துக்கொண்டால், நியாயம் அவர்கள் பக்கம்தான் இருக்கும்.

இத்தனைக்கும் காரணம், வில்லின் முனையில் ஒட்டியிருக்கும் ஒரு தந்தத் தகடு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம். எடை ஒரு கிராம்கூட வராது.

வயலின் வில்லைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வில்லின் தலைப்பகுதி மிக மெல்லியது. அதற்குள் சின்னதாக ஒரு குழி வெட்டி, குதிரைவால் முடியின் முடிச்சை அதில் இறக்கி, மரக்கட்டையால் அடைத்திருப்பார்கள். முடி இழுபடும் விசை முழுவதும் அங்கேதான் விழும். தலை பிளந்துவிடாமல் காப்பது அந்தத் தகடுதான். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் கருங்காலியில் மெல்லிய ஒரு படலமும் இருக்கும். தந்தம் வளைந்து கொடுக்கும், சட்டென்று விரிசல் விடாது. அதனால்தான் பழைய கைவினைஞர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மாட்டெலும்பு சீக்கிரம் உடையும். வெள்ளித் தகடு போட்டால் முனை கனத்துவிடும். முழு வில்லே அறுபது கிராம் சொச்சம்தான், முனையில் துளி எடை கூடினாலும் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடும்.

இந்த வில் என் ஆசிரியை தந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் செய்தது. விரல்மூட்டு வலியால் வாசிப்பதை நிறுத்தியபோது என்னிடம் கொடுத்தார். கூடவே ஒரு பழுப்பு உறை. அதற்குள் 1958-ல் அவர் அதை வாங்கியபோது கொடுத்த ரசீது இருந்தது. இதைத் தூக்கிப் போட்டுவிடாதே என்றார். அன்றைக்கு அதன் மதிப்பு எனக்குத் தெரியவில்லை.

அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1975 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஆப்பிரிக்க யானை அதன் பட்டியலில் முதலில் இடம்பெற்றது 1976 பிப்ரவரி 26-ல். அமெரிக்க விதி இந்த இரண்டாவது தேதியைத்தான் பிடித்துக்கொள்கிறது: கருவியில் உள்ள ஆப்பிரிக்கத் தந்தம் அதற்கு முன்பே எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. "பார்த்தாலே பழசு என்று தெரிகிறதே" என்பது பதிலாகாது, ஏனென்றால் புதுத் தந்தத்தைத் தேநீரில் ஊறவைத்துப் பழுப்பேற்றி, பழம்பொருள் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அறுபத்தெட்டு ஆண்டுகள் ஒரு உறைக்குள் கிடந்த ரசீதுதான் என் வழக்கைத் தாங்கிப் பிடித்தது.

2013-ல் பாங்காக்கில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கச்சேரிக்காகப் பயணம் செய்யும் கலைஞர் ஒவ்வொரு முறையும் ஏற்றுமதி, இறக்குமதி அனுமதி என்று தனித்தனியாக அலையாமல், ஒரே இசைக்கருவிச் சான்றிதழோடு பல எல்லைகளைக் கடக்க வழி செய்தார்கள். அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் செல்லும். வெளிநாட்டில் இருக்கும்போது கருவியை விற்கக் கூடாது, யாருக்கும் கைமாற்றிக் கொடுக்கக் கூடாது, கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். என்னைக் கேட்டால் நியாயமான நிபந்தனைகள். பாஸ்போர்ட் போல என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் பாஸ்போர்ட் மனிதனுக்கு. இதில் முகம், அடையாளம் எல்லாம் வில்லுக்குத்தான் வேண்டும்.

அந்த அடையாளத்தை எழுதி வாங்க ஒரு வில் பழுதுபார்ப்பவரிடம் போனேன். என் பயணத்தின் முதல் நிலையம் அதுதான் என்று சொல்ல வேண்டும். மேசை விளக்கைத் தாழ்த்தி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு முனையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க எலும்பு முனை உள்ள இன்னொரு வில்லை வைத்தார். எலும்பில் ஊசி குத்தியதுபோலக் கறுப்புப் புள்ளிகளும் சிறு கோடுகளும் இருந்தன, ஒரு காலத்தில் ரத்தம் ஓடிய துளைகள். என்னுடையதில் அப்படி ஒன்றும் இல்லை. பாலாடை போல வழுவழுப்பு, அதன் அடியில் மிக நுண்ணிய இழைகள். நல்ல பொருள்தான் என்ற நிறைவு ஒரு கணம் வந்தது. இது ஒரு யானையின் பல் என்ற எண்ணம் அடுத்த கணமே வந்தது. இரண்டும் அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

அவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். கட்டைவிரல் படும் இடத்தில் சுற்றியிருந்த தோல், பல்லித்தோல். உடும்பு இனத்தின் தோலாக இருந்தால் அதுவும் பட்டியலில் வரும், அதற்கும் தனியாக எழுத வேண்டும். அந்தத் தோல் தேயத் தேய மாற்றுவதுதான் வழக்கம், எப்படியும் அது அசல் இல்லை. அங்கேயே ஆட்டுத்தோல் போடச் சொல்லிவிட்டேன். முடியை இறுக்கும் அடிப்பகுதித் துண்டு கருங்காலி. நல்லவேளை, அந்தத் துண்டை ஆமை ஓட்டில் செய்த வில்களும் உண்டு. தந்த முனையையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எடுக்கலாம், ஆனால் பழைய பசையைப் பிரிக்கும்போது தலை பிளக்க வாய்ப்பு உண்டு, யோசித்துச் செய்யுங்கள் என்றார். இறந்துபோன யானைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, நூறாண்டு வேலைப்பாடு மட்டும் போய்விடும். வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் நால்வர் குழுவில் செல்லோ வாசிக்கும் தோழி வேறு முடிவெடுத்தார். தன் பழைய வில்லை வீட்டில் வைத்துவிட்டு, கார்பன் இழை வில்லோடு வந்தார். அவர் பயந்ததில் காரணம் இருக்கிறது. 2014-ல் புடாபெஸ்ட் ஃபெஸ்டிவல் ஆர்க்கெஸ்ட்ரா நியூயார்க்கில் இறங்கியபோது, தந்தம் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஏழு வில்களைக் கென்னடி விமான நிலையத்தில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டில், கனடாவிலிருந்து தரைவழியாக அமெரிக்கா திரும்பிய இரண்டு இளம் பேக்பைப் (காற்றுப்பையை அழுத்தி வாசிக்கும் கருவி) கலைஞர்களிடம் சான்றிதழ் இருந்தும் கருவிகள் பறிபோயின. வனவிலங்குப் பொருள்கள் நுழையக் குறித்துவைத்த இடங்களில் ஒன்றாக அந்த எல்லைச்சாவடி இல்லை. கருவிகள் பிறகு திரும்பக் கிடைத்தன. தாள் சரியாக இருந்தால் மட்டும் போதாது, எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பதும் சரியாக இருக்க வேண்டும். பழைய பியானோ, பேக்பைப், தந்தம் இழைத்த வீணை, கழுத்து முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு தந்தத்தில் உள்ள கிடார் என்று எதைக் கொண்டுபோனாலும் டிக்கெட் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நானும் முதலில் தவறாகத்தான் போட்டிருந்தேன். வழியில் இன்னொரு ஐரோப்பிய நாட்டில் ஐம்பது நிமிட இடைவெளியில் விமானம் மாற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாடு மாறும்போது முத்திரை தேவையில்லை, ஒன்றியத்தை விட்டு வெளியேறும் இடத்தில்தான் வேண்டும். ஐம்பது நிமிடத்தில் அதற்கென்று அதிகாரம் பெற்ற சுங்க அலுவலகத்தைத் தேடிப் போய்த் திரும்புவது நடக்காத காரியம். டிக்கெட்டை ரத்து செய்து நேர் விமானம் எடுத்தேன்.

சரி, பூட்டிய கதவுக்கு வருவோம். ஏழு மணிக்குச் சற்று முன் ஒரு பெண் அதிகாரி வந்தார். தாமதத்துக்கு வருந்தி, பெட்டியைத் திறக்கச் சொன்னார். சான்றிதழோடு இருந்த புகைப்படத்தை வில்லின் பக்கத்தில் வைத்து, செய்தவரின் பெயர் மரத்தில் பதிந்திருக்கும் இடத்தையும் முனையில் உள்ள சிறு பழுப்புக் கறையையும் சரிபார்த்தார். சான்றிதழோடு ஒரு தொடர்ச்சித் தாள் இருக்கும், ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு வரிசை. முதல் வரிசையில் முத்திரை விழுந்தது.

நியூயார்க்கில் எதிர்பார்த்ததைவிடச் சுலபம். நான் வருவதை முன்கூட்டியே எழுதித் தெரிவித்து, வனவிலங்குப் பொருள்களுக்கான 3-177 படிவத்தையும் நிரப்பி வைத்திருந்தேன். ஆய்வாளர் கையுறை மாட்டிக்கொண்டு வில்லை இரண்டு நுனியிலும் ஏந்திப் பிடித்தார். முடியில் விரல் படவே இல்லை, யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். டார்ச் அடித்து முனையைப் பார்த்தார். கட்டைவிரல் தோல் என்ன என்று கேட்டார், பழுதுபார்ப்பவரின் கடிதத்தைக் காட்டினேன். இருபது நிமிடத்தில் இரண்டாவது முத்திரை.

காத்திருக்கும் நேரத்தில் அவரிடம் கேட்டேன், இவ்வளவு சின்னத் தகட்டுக்கு இத்தனை தேவையா என்று. அவர் கோபப்படவில்லை. விரல்நகத்தளவு என்று விட ஆரம்பித்தால் எந்த அளவில் நிறுத்துவது என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. 2016-ல் வெளியான மாபெரும் யானைக் கணக்கெடுப்பு, ஆப்பிரிக்காவின் 18 நாடுகளில் 3,52,271 சவன்னா யானைகளை மதிப்பிட்டது. 2007-க்கும் 2014-க்கும் இடையில் மட்டும் முப்பது விழுக்காடு குறைந்திருந்தது. அந்த எண்ணை நான் முன்பே படித்திருக்கிறேன். முனையை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அது வேறு மாதிரி உறைத்தது.

மூன்று கச்சேரிகள். திரும்பும்போது பலரும் தவறவிடுவது அமெரிக்காவை விட்டு வெளியேறும் முத்திரையை. வந்த முத்திரை இருக்கிறதே, போதாதா என்று தோன்றும். போதாது. அதே அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, மூன்றாவது வரிசையை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். இந்தப் பக்கம் இறங்கியதும் பச்சை வழியை விட்டுச் சிவப்பு வழிக்குப் போய், பெட்டியை நானே திறந்து காட்டினேன். நான்காவது முத்திரை.

அன்று மாலையே ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்தேன். கச்சேரி எப்படி நடந்தது என்று அவர் முதலில் கேட்கவில்லை. "முனை சரியா இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். ரசீது எங்கே என்று அடுத்துக் கேட்டார். சான்றிதழோடு அதே பழுப்பு உறைக்குள் திரும்ப வைத்துவிட்டதாகச் சொன்னேன்.