ஆற்காட்டுக் கடனும் எட்மண்ட் பர்க்கும்

பழமைவாதச் சிந்தனையின் வரலாற்றை, பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் 1790-இல் எழுதிய நூலிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். இருப்பவர்கள், இறந்தவர்கள், இனிப் பிறக்கப்போகிறவர்கள் எல்லோரும் சேர்ந்த கூட்டுதான் சமூகம் என்பது அதன் உயிர்நாடி.

இந்த வாதம் 1785 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது, அதுவும் நம்மூரை வைத்து. ஆற்காடு நவாபுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் கொடுத்ததாகச் சொன்ன கடனைச் சரியாக விசாரிக்காமலே கர்நாடகத்தின் (இன்றைய மாநிலமல்ல, நவாபின் சீமை) வருவாயிலிருந்து அடைக்க லண்டனில் ஏற்பாடானது. பர்க் நாடாளுமன்றத்தில் ஏரிகளைக் காட்டி எதிர்த்தார். கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பெரிதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாது; வெட்டிய அரசர்கள் வருங்காலத்துக்கு உயில் எழுதியவர்கள் என்றார். வருவாய் கடன்காரனுக்கே போனால் கரையை யார் கட்டுவது? கரை போனால் விளைச்சல் இல்லை, வரியும் இல்லை.

வாக்கெடுப்பில் தோற்றார். ஆனால் மரபு என்றால் பராமரிப்புச் செலவு என்று புரிந்துகொண்ட பழமைவாதி அவர். இத்தனைக்கும் அவர் டோரி (கன்சர்வேடிவ் கட்சிக்கு முன்னோடியான அணி) அல்ல, அதற்கு எதிரணியான விக் கட்சிக்காரர். பிரிட்டனின் பழமைவாதக் கட்சியான கன்சர்வேடிவ் கட்சிக்கு அடித்தளமிட்ட டாம்வொர்த் அறிக்கையைப் பிரதமர் ராபர்ட் பீல் வெளியிட்டது 1834-இல், பர்க் இறந்து 37 ஆண்டுகள் கழித்து.