அம்மா வீட்டின் குறைகள், ஒன்று விடாமல்

"பின்பக்க அடுக்களைக் கூரை: மழை சாய்ந்து அடித்தால் ஒழுகும். வாளி வைக்க வேண்டிய இடம், சிங்க்கிலிருந்து இரண்டு அடி தள்ளி."

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அம்மா வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து பள்ளிக்கூட நோட்டில் நான் எழுதிய முதல் வரி இது. சுங்கை சிப்புட்டில் இருக்கும் அந்த வீட்டை விற்கப் போகிறோம். பார்க்க வருகிறவர்களிடம் கொடுப்பதற்காக, எனக்குத் தெரிந்த குறை அத்தனையையும் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது.

வீட்டைக் காட்டுகிற புரோக்கர் தம்பி அதை நின்றபடியே படித்தார். "அக்கா, இதெல்லாம் ஏன்கா சொல்றீங்க? சட்டத்துல யாரும் கேக்கலயே. வெலை விழுந்துரும்லா."

சட்டத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதான். 22 வருடம் ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக இருந்தவள் நான். வீடு விற்கிற பத்திரம், எஸ் அண்ட் பி என்போமே, அதைத் தட்டச்சு செய்வதுதான் என் வேலை. நம் மலேசியாவில் ஒருவர் தான் குடியிருந்த வீட்டை விற்கும்போது, குறைகளை எழுதிக் கொடுக்க அவருக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது. விற்பதற்கு முன் யாராவது வந்து பரிசோதிக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. பார்த்து வாங்குவது வாங்குகிறவர் பொறுப்பு.

வழக்கறிஞர் எல்லாம் பார்த்திருப்பார் என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். அவர் பார்ப்பது காகிதம். நில அலுவலகத்தில் தேடி, கிராண்ட் என்கிற நிலப் பட்டா யார் பெயரில் இருக்கிறது, வங்கிக் கடன் பதிவாகியிருக்கிறதா, பெயர் மாற்றத்தைத் தடுக்க யாராவது கவியட் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்போம். விற்கிறவர் திவாலானவரா என்று பார்ப்போம். நிலவரி, கதவு வரி ரசீதுகளைக் கேட்டு வாங்குவோம். இத்தனை வருடத்தில் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட ஒரு வீட்டின் கூரையை அண்ணாந்து பார்க்கப் போனதில்லை. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வருவார். அளப்பார், படம் எடுப்பார். கொடுக்கிற கடனுக்கு வீடு பெறுமா என்று வங்கிக்குச் சொல்வது அவர் வேலை. கரையான் தேடுவது அவர் வேலையில் சேராது.

என் தம்பி 2015இல் வீடு வாங்கினான். பத்து வருடப் பழைய தாமான் வீடு. அடுக்களையைப் பின்னால் நீட்டிக் கட்டி, பளபளவென்று டைல்ஸ் போட்டிருந்தார்கள். அவன் பெண்சாதி அந்த அடுக்களைக்காகவே வீட்டை விரும்பினாள். குடிபோய் எட்டு மாதத்தில் குளியலறைத் துவாரத்திலிருந்து கழிவுநீர் மேலே வந்தது. ஆள் கூப்பிட்டு, அடைப்பு எடுத்து, மறுபடியும் வந்தது. கடைசியில் அடுக்களைத் தரையை உடைத்தபோது, டைல்ஸுக்கு அடியில், சிமெண்டுக்கும் அடியில், கழிவுநீர்க் குழியின் இரும்பு மூடி இருந்தது. அந்த நீட்டலுக்கு நகராண்மைக் கழகத்தில் பிளான் போட்டு அனுமதி வாங்கவே இல்லை. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்காமல் கட்டக் கூடாது என்கிறது. கட்டினவர் விற்றுவிட்டுப் போய்விட்டார். நோட்டீஸ் தம்பி பெயருக்கு வந்தது. இடித்து, குழாய் மாற்றி, சுவர் எழுப்ப 14,000 வெள்ளி.

விற்றவருக்குத் தம்பி போன் போட்டான். அவர் கோபப்படவில்லை, சாவகாசமாகவே சொன்னார்: "நீங்க கேக்கலையே தம்பி."

தம்பி கையெழுத்துப் போட்ட பத்திரத்தில், வீட்டைப் பார்த்துவிட்டேன், இப்போது இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு பத்தி உண்டு. பழைய வீட்டுப் பத்திரம் எல்லாவற்றிலும் இருக்கும். அவன் பத்திரத்தில் அந்தப் பத்தியைத் தட்டச்சு செய்தது நான். கூடப் பிறந்த அக்கா. அது என்ன செய்யும் என்று ஒரு வார்த்தை அவனிடம் எடுத்துச் சொல்லவில்லை. இன்றைக்கும் அவன் வீட்டு அடுக்களைக்குள் போனால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அப்போது என் முதலாளி 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைத் திறந்து 17ஆம் பிரிவைக் காட்டினார். வெறுமனே பேசாமல் இருப்பது மோசடி ஆகாது என்கிறது அது. அதற்கு ஒரு குதிரைக் கதையும் சொல்கிறது. ஒருவர் தன் குதிரைக்கு நோய் இருப்பது தெரிந்தே ஏலத்தில் விற்கிறார், வாயைத் திறக்கவில்லை. மோசடி இல்லை. அதே குதிரையை அப்போதுதான் பருவ வயது வந்த சொந்த மகளுக்கு விற்றால் கதை மாறுகிறது. அந்த உறவே அவரைச் சொல்லக் கடமைப்பட்டவராக ஆக்குகிறது. மூன்றாவதாக இன்னொன்று. வாங்குகிறவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் விற்கிறவர் பேசாமல் நின்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

இந்த மூன்றாவது குதிரையை நம் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் காட்ட வேண்டும் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது.

ஆனால் 19ஆம் பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. வாங்கினவர் சாதாரண கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், விற்றவர் பேசாமல் இருந்துவிட்டார் என்று சொல்லி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. "உன் தம்பி கழகத்துக்குப் போய் பிளான் கேட்டிருக்கலாமே" என்றார் முதலாளி. கேட்டிருக்கலாம்தான். அதனால்தான் வாயால் கேட்டதோடு விடாமல், கேள்வியை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கச் சொல்கிறேன். தெரிந்தே பொய் எழுதிக் கொடுத்தால் அது மௌனக் கணக்கில் வராது, நேரடி மோசடி.

மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கினால் நிலைமை வேறு. சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் தெரிகிற குறைகளை எழுத்தில் தெரிவித்தால், 30 நாளில் அவர்கள் தங்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். அந்தக் குறைதீர்ப்புக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் மனு போட வேண்டும். நம்மைப் போல் வீட்டுக்காரரிடம் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு அந்தக் கதவு இல்லை.

அக்கா மகள் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் இருக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது ஆச்சரியப்பட்டாள். அவள் ஊரில் வீட்டை விற்பதற்கு முன்னால் நகராட்சி உரிமம் பெற்ற பரிசோதகர் வந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டுமாம், வாங்க வருகிறவர்கள் அதைப் படிக்கலாமாம். அது போக மின்னசோட்டா மாநிலச் சட்டப்படி, விற்கிறவர் தனக்குத் தெரிந்த முக்கியமான குறைகளைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். அதே சட்டத்தில், வீட்டில் இயற்கைச் சாவோ தற்கொலையோ நடந்திருந்தாலும், ஆவி நடமாட்டம் இருப்பதாக யாராவது நினைத்தாலும், அதைச் சொல்லத் தேவையில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் நான் நம் ஊரை நினைத்துக்கொண்டேன். இங்கே வீடு பார்க்க வருகிற பெரியவர்கள் வாசலிலேயே கேட்கிற முதல் கேள்வி, "வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா?" அதைக் கேட்கக் கூச்சப்படாதவர்கள், "இந்த அடுக்களைக்குப் பெர்மிட் இருக்கா?" என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமாம்.

அம்மா வீட்டுக்கு வருகிறேன். 1994இல் அப்பாவின் ஈபிஎப் சேமநிதிப் பணத்தில் வாங்கியது. 25,000 வெள்ளி ரூமா மூரா, மலிவு விலை வீடு. ரப்பர் தோட்டம் துண்டாடப்பட்டு, நாங்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்ன சமயம். முப்பது வருடம் பால் வெட்டின அம்மாவுக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் கதவு அந்த வீட்டுக் கதவு. அதனால் குறைகளை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. கூரை ஒழுகலை எழுதும்போது அம்மாவைக் குறை சொல்கிற மாதிரி கை நின்றது.

இருந்தாலும் எழுதினேன். பின்னால் நீட்டின பகுதிக்கு 2003இல் அனுமதி வாங்கியது, பிளான் நகல் அலமாரியில் இருக்கிறது. அதன் மேல் போட்டிருப்பது ஆஸ்பெஸ்டாஸ் தகடு. மாற்றும்போது காய்ந்த நிலையில் அறுக்கவோ உடைக்கவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து, தெரிந்த ஆளை வைத்துக் கழற்றுங்கள். நடு அறையில் நான்கு டைல்ஸ் பொங்கியிருக்கிறது, தட்டினால் வெற்றுச் சத்தம் வரும். பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரில் கூரையிலிருந்து கீழே இறங்கும் விரிசல், பத்து காசு நாணயத்தின் விளிம்பு நுழையும். ஆறு வருடமாக அப்படியே இருக்கிறது, நான் பென்சிலால் தேதி குறித்து வைத்திருக்கிறேன். மின்பெட்டியில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும், விழவில்லை. மாமா இழுத்துக் கொடுத்த இரண்டு பிளக் பாயிண்ட், உரிமம் உள்ள ஆள் செய்ததில்லை. 2019இல் கரையான் வந்தது, மருந்து அடித்தோம், ரசீது இருக்கிறது. நிலம் 99 வருடக் குத்தகை, பெயர் மாற்ற மாநில அனுமதி வேண்டும், அது வர நாளாகும்.

கடைசி வரி: அம்மா முன் அறையில் தவறினார். 81 வயது. தூக்கத்தில்.

மூன்றாவதாகப் பார்க்க வந்தவர்கள் ஒரு இளம் தம்பதி. பையன் செம்பனை ஆலையில் ஃபிட்டர், அந்தப் பெண் பாலர் பள்ளி ஆசிரியை. கூடப் பையனின் அம்மா. நோட்டை அவர்களிடம் கொடுத்தேன். பெண் உரக்கப் படிக்க, மற்ற இருவரும் ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்தார்கள்.

கரையான் வரி வந்ததும் பையன் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தான். பின் கதவு நிலைக்குப் போய், திருப்புளியின் பிடியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தான். டொக், டொக், டொக். முழங்கால் உயரத்தில் சத்தம் மாறியது. அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி. நான் அந்த நிலையில் முப்பது வருடம் சாய்ந்து நின்றவள், எனக்குத் தெரியாது. முனையால் லேசாக அழுத்தினான். சாயம் மட்டும் தோல் போல உள்ளே போனது. ஒரு விரல் நுழையும் பொந்து, உள்ளே காய்ந்த மண் கோடு. பூச்சி இல்லை, பழையது.

"இது லிஸ்ட்ல இல்லையேக்கா" என்றான். குற்றமாகச் சொல்லவில்லை. நோட்டை வாங்கி அவன் கண் முன்னாலேயே எழுதினேன். நிலையும் மின்பெட்டியும் மாற்ற, கூரைக்குமாகச் சேர்த்து 6,000 வெள்ளி குறைத்துக் கேட்டார்கள். தம்பியிடம் போனில் பேசினேன். அவன் ஒரு நொடியும் யோசிக்காமல் சரி என்றான்.

பையனின் அம்மா கடைசி வரியைக் கேட்டுவிட்டு முன் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து, "நல்ல சாவுதான்மா" என்றார். சாமி மேடையை எந்தப் பக்கம் வைத்திருந்தோம் என்று கேட்டார்.

அந்த மூன்று பக்கத்தையும் சுத்தமாகத் தட்டச்சு செய்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தோடு இணைக்கச் சொல்லியிருக்கிறேன். "இப்போது இருக்கிற நிலையில்" என்ற பத்தி அதிலும் இருக்கும். அந்த நிலை என்ன என்பது பின்னால் இணைத்திருக்கும் தாளில் இருக்கும். என் பழைய முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டேன், தாராளமாகச் செய்யலாம் என்றார்.

வாங்கப் போகிறவர்களே, விற்கிறவர் இப்படி எழுதித் தரும்வரை காத்திருக்காதீர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் எழுதிக் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் போதும்: நீட்டிக் கட்டியதற்குப் பிளான் இருக்கிறதா, கழிவுநீர்க் குழி எங்கே, கூரை எங்கே ஒழுகும், கரையான் வந்ததா, வெள்ளம் ஏறியதா, நகராண்மைக் கழகத்திலிருந்து நோட்டீஸ் வந்ததா, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் கட்டணப் பாக்கி உண்டா. கடைசியில், "வேறு குறை இருந்தால் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று மறக்காமல் சேருங்கள். பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். பிளான் விஷயத்தில் விற்கிறவர் வார்த்தையோடு நிற்காமல் நகராண்மைக் கழகத்திலும் போய்க் கேளுங்கள். பத்து விழுக்காடு கட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்கிற கேள்விக்குப் பலம் குறைவு.

போன வியாழக்கிழமை நாலு மணிக்கு மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஐந்து நிமிடத்தில் அந்தப் பையன் போன் போட்டான். "அக்கா, வீட்டுல இருக்கீங்களா? மழை வருது. ஒழுகுறத நேர்ல பாக்கணும்." ஆலைச் சட்டையோடு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான். நான் வாளியை எடுத்து வைத்தேன். காற்று திரும்பி மழை சாய்ந்ததும் முதல் சொட்டு விழுந்தது, வாளிக்கு ஒரு சாண் இடப்பக்கம். அவன் குனிந்து வாளியைத் தள்ளி வைத்துவிட்டு, கைப்பேசி விளக்கை மேலே அடித்துத் தகட்டின் எந்த ஆணியிலிருந்து தண்ணீர் வருகிறது என்று தேட ஆரம்பித்தான்.